பந்தயக் காருக்கு மேலே என் தங்கை

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு புது வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது. தலையில் ஒரு தொப்பி, கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். அட்டையில் ‘ஸ்பாட்டர்’ என்று போட்டிருந்தது.

அப்படியென்றால் என்ன?

பக்கத்தில் ஒருவர் ட்ரோன் பறக்க விடுவார். கண் இரண்டையும் முழுக்க மூடுகிற மாதிரி பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டியிருப்பார். ட்ரோனில் இருக்கும் கேமரா எதைப் பார்க்கிறதோ அது மட்டும்தான் அவருக்குத் தெரியும். காலடியில் பாம்பு போனாலும் தெரியாது. அதனால் அவரை ஒட்டி இன்னோர் ஆள் நிற்க வேண்டும். பறவை வருகிறது, மழை வருகிறது, ஆள் குறுக்கே நடக்கிறார் என்று வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆள் நான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். ஊசியில் நூல் கோக்க இரண்டு கண்ணாடி மாற்றுகிறவள் நான். சொந்த வீட்டு கேட்டிலேயே இரண்டு முறை காரை உரசியவள். என் கண்ணை நம்பி வேலை கொடுத்தது யார்?

என் தங்கை புஷ்பா.

புஷ்பா மலாக்காவில், புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பழுதான சர்க்யூட் போர்டுகளைச் சரிசெய்வது அவள் வேலை. அரிசியில் பாதி அளவு இருக்கிற சாமானையெல்லாம் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து சால்டர் பண்ணுவாள். அவள் கணவர் குணா ரெம்பியாவில் கார் வர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் ஊரார் கார்களைப் பார்ப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு தன் காரைப் பந்தயத்தில் ஓட்டுவார்.

பெரிய பந்தயமெல்லாம் இல்லை. பழைய காரில் சீட்டுகளைக் கழற்றிப் போட்டு, உள்ளே இரும்புக் கூண்டு வைத்து, ஜன்னலில் வலை மாட்டி, கதவில் எண் ஒட்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்னத் தளத்தில் சுற்றுவார்கள். ஓட்டுகிறவர்கள் எல்லாம் மெக்கானிக், டயர்க் கடைக்காரர், ஓர் ஆசிரியர்... இப்படித்தான்.

சின்னப் பந்தயம் என்றால் வேகமும் சின்னதா? அது இல்லையே.

கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில், போன ஞாயிறு வரை, புஷ்பா ஒரு முறைகூட அந்தத் தளத்துக்குப் போனதில்லை. பந்தய ஞாயிறு என்றால் காலையிலிருந்து வீட்டில் திரைச்சீலை எல்லாம் துவைப்பாள். போன் பக்கத்திலேயே இருக்கும். மாலை நாலு மணி போல குணா கூப்பிட்டு “முடிஞ்சிருச்சு, வர்றேன்” என்பார். அதற்கப்புறம்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

நான் சும்மா இருப்பேனா? “நிறுத்தச் சொல்லுடி. ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் பதில் சொன்னாள்.

“சொன்னா கண்டிப்பா நிறுத்திடுவாரு அக்கா. அதனாலதான் சொல்லல.”

எனக்கு அன்றைக்கு அது சரியாகப் புரியவில்லை.

போன வருடம் ஒரு ஞாயிறு மாலை. நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். குணா ஆசையாக போனை நீட்டினார். அன்றைய பந்தயத்தை யாரோ ட்ரோன் வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். எங்கோ உயரத்தில் ட்ரோன். கீழே பச்சை, நடுவில் சாம்பல் நிறத்தில் ரோடு. நாலைந்து புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

“இதுல நீங்க எங்க?” என்றாள் புஷ்பா.

“தோ, இந்தப் புள்ளி.”

கொஞ்ச நேரம் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பன்னெண்டு வருசத்துல மொத தடவையா பாக்குறேன். புள்ளியாவா பாக்கணும்?”

குணா சிரித்தார். கல்யாண வீட்டுக்கு எடுக்கிற ட்ரோன் அது, காருக்குப் பக்கத்தில் பறக்க அதற்கு வேகம் போதாது என்றார். “நேர் ரோட்டுல நான் நூத்தம்பதுல போவேன். அதுக்குக் கூட வர்ற மாதிரி ட்ரோன் இங்க யாருகிட்டயும் இல்ல லா.”

புஷ்பா எழுந்து போய் பாத்திரம் கழுவினாள். ஆனால் எனக்கு என் தங்கையைத் தெரியும். அவள் பாத்திரத்தை அவ்வளவு நேரம் தேய்த்தால் மண்டைக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

அடுத்த வாரம் போனேன். சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இல்லை. நாலு குட்டி மோட்டார்கள், உள்ளங்கை நீளத்துக்கு இறக்கைகள், கறுப்பாக எடையே இல்லாத ஒரு கார்பன் சட்டம். நடுவில் புஷ்பா, கையில் சால்டரிங் அயர்ன்.

“கடையில வாங்க முடியாதா?”

“வாங்கலாம். ஆனா ஒடஞ்சா யாரு சரிபண்றது? நானே செஞ்சா எது எங்க இருக்குன்னு தெரியும்.”

உடையத்தான் செய்தது. முதல் ட்ரோன் தாமான் குடியிருப்புத் திடலில் முப்பது நொடி பறந்து கோல் கம்பத்தில் மோதியது. இரண்டாவது லோங்காங்குக்குள் விழுந்து சாக்கடைத் தண்ணீர் குடித்தது. மூன்றாவது பக்கத்து வீட்டு லிம் அங்கிளின் ரம்புத்தான் மரத்தில் மாட்டிக்கொண்டது. அவர் ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தார். ஐந்தாவது முறை மாட்டியபோது, ஏணியை மரத்திலேயே சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

விழுந்த ஒவ்வொன்றையும் எடுத்து வந்து பிரிப்பாள். எந்தக் கம்பி சூடானது, எந்த ஸ்க்ரூ அதிர்வில் கழன்றது என்று பார்ப்பாள். நோட்டில் எழுதிக்கொள்வாள். படம் ஜெல்லி மாதிரி ஆடியது. கேமராவுக்கு அடியில் ரப்பர் வைத்தாள். அப்போதும் ஆடியது. இறக்கைகளை ஒவ்வொன்றாக எடை பார்த்து மாற்றினாள். ஆட்டம் நின்றது.

வேகமும் வந்தது. ஆனால் ஒரு பெரிய சிக்கல். அதை அவள் எனக்கு மேசையில் தட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

“குணாவோட காடிக்கு பிரேக் இருக்கு. மிதிச்சா நிக்கும். இதுக்கு பிரேக் கெடயாது அக்கா. மெதுவாகணும்னா பின்னால சாயணும். சாய்ஞ்சா என்ன ஆகும்?”

தட்டைச் சாய்த்துக் காட்டினாள்.

“கேமரா வானத்தைப் பார்க்கும்” என்றேன்.

“அதான். ஒவ்வொரு வளைவுலயும் குணா காணாம போயிடுவாரு. எனக்கு வானம்தான் தெரியும்.”

அதற்கு ஒரே வழி, குணா எங்கே பிரேக் மிதிப்பார் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அப்போதுதான் கார் வளைவை வெளிப்பக்கமாகச் சுற்றி வரும்போது ட்ரோன் உட்பக்கமாகக் குறுக்கே போய் மறுபடி அவரைப் பிடிக்கலாம். அதனால் அவரை உட்காரவைத்துக் கேட்டாள். குணா ஒரு தாளில் தளத்தின் வரைபடம் போட்டார். ஒன்பது வளைவுகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தொட்டு, இங்கே பிரேக், இங்கே கியர், இங்கே காலை எடுப்பேன் என்று சொல்லிக்கொண்டே போனார். ஆறாவது வளைவு வந்ததும் பென்சில் நின்றது.

“இங்க கொஞ்சம் பயமா இருக்கும். மூச்சப் புடிச்சுக்குவேன். திரும்பினதுக்கு அப்பறம்தான் விடுவேன்.”

புஷ்பா அவரைப் பார்த்தாள். “உங்களுக்கு பயமா?”

“பின்ன? இருக்காதா?”

“சொன்னதே இல்லயே.”

“நீ கேட்டதே இல்லயே.”

நான் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு நைசாக வெளியே வந்துவிட்டேன். சில இடங்களில் அக்கா இருக்கக் கூடாது.

அப்புறம் மூன்று மாதம். ரெம்பியா பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டி, புதுக் கன்று வைக்க நிலத்தைச் சுத்தப்படுத்தியிருந்தார்கள். நிர்வாகியிடம் கேட்டு அனுமதி வாங்கி, சனிக்கிழமை காலைகளில் குணா அந்த மண் ரோட்டில் பிக்கப் ஓட்டுவார். தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் புஷ்பாவின் ட்ரோன் போகும். மண் தூசியில் இருவருமே செங்கல் நிறத்தில் வீடு திரும்புவார்கள். கல்யாணமான புதிதில்கூட இவர்கள் இவ்வளவு ஒன்றாகச் சுற்றி நான் பார்த்ததில்லை.

ஒருநாள் கேட்டேன். “இப்ப பயம் போயிடுச்சா?”

“எங்க போவும்? அப்படியேதான் இருக்கு. வீட்டுல இருந்தா மண்டையில இருக்கும். பறக்கவிட்டா கைக்கு வந்துருது. கையில இருந்தா வேலை செய்யலாம் அக்கா.”

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

நேரம் கணிக்கும் குடிலுக்குப் பக்கத்தில் புல்தரையில் எங்களுக்கு ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டடி தள்ளி பந்தய அதிகாரி என்சிக் ரஹிம், கையில் வாக்கிடாக்கி. புஷ்பா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினாள். கன்ட்ரோலரைப் பிடித்த இரண்டு கட்டைவிரலும் அசையாமல் இருந்தன. நான்தான் ஸ்டாப்வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பேட்டரி மூணு நிமிசம்தான் அக்கா. நேரத்தை மட்டும் சொல்லிக்கிட்டே இரு.”

கொடி அசைந்தது. கார்கள் உறுமிக்கொண்டு புறப்பட்டன. குணாவின் கார் மூன்றாவதாகப் போனது. அதன் பின்னாலேயே சர்ரென்று ஏதோ ஒன்று என் தலைக்கு மேலே போனது. நான் தலையைத் திருப்புவதற்குள் செம்பனை மரங்களுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. இதை நான் கண்ணால் பார்த்துக் காவல் காக்க வேண்டுமாம்.

முதல் சுற்று முடிந்தது. புஷ்பாவின் உதட்டில் சிரிப்பு. “என்னமா ஓட்டுறாரு பாரேன்” என்றாள், என் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதை மறந்து.

இரண்டாவது சுற்றில் தூறல் விழுந்தது. மலாக்கா மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ரோட்டின் இந்தப் பக்கம் நனையும், அந்தப் பக்கம் காயும். நாங்கள் நின்ற இடத்தில் நாலு சொட்டு. தளத்தின் கடைசியில், மரங்களுக்குப் பின்னால், வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது.

“மழ, புஷ்பா. அந்தக் கடைசியில.”

“தெரியுது.”

அப்புறம் ஒரு நொடி. புஷ்பாவின் தோள்கள் மேலே ஏறி அப்படியே நின்றன.

“அக்கா.” குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. “குணா காடி கவுந்துருச்சு. ஆறாவது வளைவு. நடு ரோட்டுல தலகீழா கெடக்கு. பின்னால வர்றவங்களுக்குத் தெரியாது. சிவப்புக் கொடி காட்டச் சொல்லு.”

நான் அந்தப் பக்கம் பார்த்தேன். மரங்கள், மழை. வேறு ஒன்றுமே தெரியவில்லை.

என்சிக் ரஹிமிடம் திரும்பினேன். கார் கவிழ்ந்துவிட்டது, ஆறாவது வளைவு, நடு ரோடு என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் வாக்கிடாக்கியில் கேட்டார். வளைவுக்கு முன்னால் நிற்கிற கொடிக்காரருக்கு மழையில் எதுவும் தெரியவில்லை. என்சிக் ரஹிம் என்னைப் பார்த்தார்.

“காக் நம்பாக் கா?”

நீங்கள் பார்த்தீர்களா அக்கா என்கிறார்.

பார்த்தேனா? இல்லை. மரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பொய்த் தகவலுக்குப் பந்தயத்தை நிறுத்தினால் அவருக்குத்தான் கெட்ட பெயர். நான் புஷ்பாவைப் பார்த்தேன். அந்தக் கட்டைவிரல்களைப் பார்த்தேன்.

“ஆடிக் சாயா நம்பாக்” என்றேன். என் தங்கை பார்த்தாள்.

அவர் அரை நொடி யோசித்தார். அவ்வளவுதான். தளம் முழுக்க சிவப்புக் கொடி. பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு ஐந்து கார்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வேகம் குறைந்து, வளைவுக்கு முன்னாலேயே நின்றன. முதலில் நின்ற காருக்கும் குணாவின் காருக்கும் நடுவில் ஒரு லாரி நீளம்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

“நேரம்?” என்றாள் புஷ்பா.

“ரெண்டு பத்து.”

“திரும்பி வர பதினஞ்சு நொடி வேணும். இன்னும் கொஞ்சம் நிப்பேன்.”

நின்றாள். ட்ரோன் நின்றது. இந்த வகை ட்ரோன் தானாக நிற்காது. விட்டால் எங்காவது பாயும். விரல் நுனியில் நொடிக்கு நொடி பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். மழையில், கணவரின் கார் தலைகீழாகக் கிடக்கிற இடத்துக்கு மேலே, அவள் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைத் தொட வேண்டும் போல இருந்தது. தொடவில்லை. தொட்டால் விரல் அசைந்துவிடும்.

“ரெண்டு இருவது” என்றேன்.

“கை தெரியுது.”

“யாரு கை?”

“குணா கை. ஜன்னல் வலையக் கழட்டுறாரு.” கொஞ்சம் நிறுத்தினாள். “தல தெரியுது. வெளிய வர்றாரு.”

“ரெண்டு நாப்பது, புஷ்பா.”

“வர்றேன்.”

அதை என்னிடம் சொன்னாளா, அவரிடம் சொன்னாளா, தெரியாது.

அதற்குள் செய்தி பரவி, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஓடி வந்துவிட்டார்கள். ட்ரோன் இறங்க வேண்டிய புல்லில் இருபது பேர். பதற்றத்தில் அவள் கண்ணாடியைக் கழற்றி எறிந்திருந்தால், அந்த நாலு இறக்கைகளும் அவர்கள் மேல்தான் போயிருக்கும். அப்போதுதான் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது.

“எறக்காத, ஆளுங்க இருக்காங்க” என்றேன் அவளிடம். “தெப்பி! தெப்பி!” என்று கத்தினேன் அவர்களிடம். ஒதுங்குங்கள் என்று இரண்டு கையாலும் கோழி விரட்டுவது போல விரட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. ஒதுங்கினார்கள்.

“இப்ப எறக்கு. நேரா, வேலிப் பக்கம்.”

ட்ரோன் புல்லில் உட்கார்ந்தது. புஷ்பா மோட்டாரை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அந்தக் கைகள் நடுங்க ஆரம்பித்தன. நான் பிடித்துக்கொண்டேன். இருவராலும் நிறுத்த முடியவில்லை.

பத்து நிமிடத்தில் மீட்பு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து குணா வந்தார். இடது தோளை வலது கையால் தாங்கியிருந்தார். முகமெல்லாம் சேறு. புஷ்பா எழுந்து போனாள்.

“படம் வந்துச்சா?” என்றார் அவர்.

“வாய மூடுங்க.”

அவருடைய கையுறையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் விடவேயில்லை.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. மற்றபடி நலம்.

செவ்வாய்க்கிழமை மாலை உம்பாய் கடற்கரையில் சுட்ட மீன் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். குணாவின் கை கழுத்தில் தொங்கியது. புஷ்பா மீனில் முள் எடுத்து அவர் தட்டில் வைத்தாள். சாப்பிட்டு முடித்து அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள்.

முதல் சுற்று அவ்வளவு அழகாக இருந்தது. காரின் கூரையைத் தொட்டுவிடலாம் போல, கூடவே போகிறது படம். வளைவில் உள்ளே புகுந்து, மறுபடி வந்து பக்கத்தில் சேர்கிறது. பிறகு மழை. கார் வழுக்கியது, டயர்ச் சுவரில் மோதியது, புரண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது படம் அசையாமல் நின்றிருந்தது. ஓர் ஆட்டம்கூட இல்லை. நடுவில் சக்கரங்கள் மேலே பார்க்கக் கிடக்கும் கார், சுற்றி விழும் மழை.

குணா ரிமோட்டை எடுத்துப் படத்தை அங்கேயே நிறுத்தினார்.

“உள்ள தலகீழா தொங்கிக்கிட்டு இருந்தேன் அக்கா” என்றார் குணா, திரையைப் பார்த்தபடியே. “எது மேல, எது கீழன்னு தெரியல. பெல்ட்டைக் கழட்ட வரல. பின்னால காடிங்க வரும், அடிச்சிரும்னு நெனச்சேன். அப்பதான் மேல அந்தச் சத்தம் கேட்டுச்சு. குளவி மாதிரி, போகாம ஒரே எடத்துல. சரி, புஷ்பா பாத்துட்டா, அப்ப காடிங்க வராதுன்னு நெனச்சேன். அதுக்கு அப்பறம் கை ஒழுங்கா வேல செஞ்சுச்சு.”

புஷ்பா தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். கண்ணைத் துடைக்க அவளுக்கு ஒரு கைகூட காலியாக இல்லை.

எனக்கு அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. நம் வீடுகளில் அன்பு என்றால் பாதி நேரம் ‘போகாதே’ என்பதுதானே? வெயிலில் போகாதே, தூரம் போகாதே, அதெல்லாம் உனக்கு எதற்கு... நானும் என் வீட்டுக்காரரை அப்படி எத்தனை இடத்துக்குப் போகவிடாமல் வைத்திருக்கிறேன். அவரும் போகவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவர் எங்கே மூச்சைப் பிடித்துக்கொள்வார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எலும்பு ஒன்றுசேர எப்படியும் மூன்று மாதமாகும். அதற்குப் பிறகு பந்தயம் உண்டா இல்லையா? நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ஆனால் நேற்று போனபோது சாப்பாட்டு மேசையில் மறுபடி சாப்பாடு இல்லை. புதுச் சட்டம், புது மோட்டார்கள். குணா ஒற்றைக் கையால் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். புஷ்பா சால்டர் செய்துகொண்டிருந்தாள்.

“இன்னும் வேகமாவா?” என்றேன்.

“வேகம் போதும் அக்கா” என்றாள், தலை நிமிராமல். “இது இன்னும் கொஞ்ச நேரம் கூட நிக்கணும்.”